நண்டுக்குப் போட்ட சீமெந்து

தளம் போட்ட அன்று வளவில் வாப்பா இருந்தார், அவருடைய மூத்த மகன் காக்கா இருந்தார், காரைதீவு மேசனும் அவருடைய மூன்று ஆட்களும் இருந்தார்கள், கையில் ஒரு கொப்பியோடு நான் இருந்தேன். உம்மா இல்லை. எனக்கு மூத்தவள் ராத்தாவும் இல்லை. அவர்கள் இருவரும் சாய்ந்தமருதில் சாச்சி வீட்டுக் கத்னா விருந்துக்குப் போயிருந்தார்கள். வாப்பா அந்த நாளைத் தெரிவு செய்ததே அதற்காகத்தான். அன்று கலக்கிய சீமெந்து ராத்தாவுடையது.

எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் நடக்காது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ராத்தாவின் வீடு சுவரும் கூரையுமாக நின்றது. தரையும் பூச்சும் மிச்சம். மாப்பிள்ளை கத்தாரில் இருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒன்றரை மாத லீவில் வருகிறார், அதற்குள் நிக்காஹ் என்று பேச்சு. பாதை திறந்திருந்து லொறி வரும் நாட்களில் ஐந்து, பத்தென்று வாங்கி அறுபது பேக் சீமெந்து சேர்த்து வைத்திருந்தோம். சண்டை தொடங்கிப் பாதை பூட்டினால் காசு இருந்தாலும் ஒரு பேக் கிடைக்காது. ராத்தா வாரத்துக்கு ஒரு தடவை அந்த அடுக்கை எண்ணிப் பார்ப்பாள்.

வாப்பாவின் தொழில் டயர் ரீபில்ட். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி அவித்துக் கொடுப்பது. பஸ் டயரை ஒருவர் உருட்டலாம். உழவு மெசினின் பின் டயர் அப்படியல்ல. அதை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கவும் இறக்கவும் மூன்று பேர் வேண்டும். இருந்த இரண்டு ஆட்களும் ஒரே வருடத்தில் சவூதிக்குப் போய்விட்டார்கள். வாப்பா முதுகெலும்பு விலகி, குனிந்தால் நிமிர முடியாத நிலைக்கு வந்திருந்தார்.

சவூதியில் ஒரு டயர் களஞ்சியத்தில் மூன்று வருடம் நின்றுவிட்டு வந்த காக்காதான் அந்த மெசினைப் பற்றிச் சொன்னார். முன்னால் இரண்டு வளைந்த இரும்புக் கைகள். டயர் அடுக்கை அப்படியே இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போகும். ஒருவர் ஓட்டினால் போதும். கொழும்புப் பக்கம் மூடிப்போன ஒரு டயர் தொழிற்சாலையில் அப்படி ஒன்று விலைக்குக் கிடந்தது. காக்கா கொண்டுவந்த காசெல்லாம் அதற்குப் போனது. சம்மாந்துறையில் ஒரு போடியார் இருந்தார், நூறு ஏக்கருக்கு மேல் வயல், பதினொரு உழவு மெசின். மாரி உழவுக்கு முன் எல்லா டயரையும் எங்களிடமே தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வேலையின் கூலியில் ராத்தாவின் வீட்டை முடித்துவிடலாம் என்பது வாப்பாவின் எண்ணம். ஆகவே மெசின் வாங்கியதும் ராத்தாவுக்காகத்தான்.

ஒவ்வொரு செக்பொயின்டிலும் ஆமிக்காரர் ஏறி இறங்கிப் பார்த்த பிறகு, மூன்றாம் நாள் பின்னேரம் லொறி வந்தது. பலகை போட்டு மெசினை இறக்கினோம். காக்கா ஏறி ஸ்டார்ட் பண்ணினார். அது இரண்டு முழம் நகர்ந்தது. பிறகு அதன் சின்னஞ்சிறு கட்டி ரப்பர் ரோதைகள் சுழலச் சுழல மெசின் கீழே இறங்கியது. எங்கள் வளவு முழுக்கக் கடல் மணல். அச்சு வரை புதைந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் வேலியால் எட்டிப் பார்த்து வாப்பாவிடம் சொன்னார்; ஊருக்கு அவரும் காக்காதான். "நண்டு எண்டா மண்ணத் தோண்டி உள்ளுக்குப் போகத்தானே செய்யும். விடுங்க காக்கா, கடல் பக்கத்தால வெளிய வரும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது நண்டுதான்.

வாப்பா காக்காவிடம் மெதுவாகக் கேட்டார். "சவூதில இது எதுக்கு மேல மனே ஓடின?"

"சீமெந்துத் தளம் வாப்பா. கண்ணாடி மாதிரி இரிக்கும்."

"அத நீ சொல்லல்லயே."

மூன்று வருடமும் காக்கா அந்தக் கைகளைத்தான் பார்த்திருக்கிறார். தரையைப் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து மணலில் நடந்தவர்களுக்குத் தரை என்று ஒரு சாமான் தேவைப்படும் என்பது தோன்றவில்லை.

அப்போதுதான் எல்லோருடைய கண்ணும் ராத்தாவின் சீமெந்து அடுக்கின் மேல் போனது. கடல் காத்துப் பட்டு அடிவரிசை கட்டிபடத் தொடங்கிவிட்டது, எப்படியும் வீணாகப் போகிறது, இப்போது பாவித்துவிட்டு அடுத்த மாதம் புதுச் சீமெந்து வைத்துவிடலாம் என்றார் வாப்பா. போடியாரின் கூலி வரும் என்ற நம்பிக்கை. நானும் ஓம் என்றேன்.

இருபதடி அகலம், முப்பத்தைந்தடி நீளம். மேசன் ஈர்க்குச்சியால் மணலில் கோடு கிழித்தார். "காக்கா, ஆறு அங்குலம் போடோணும். அப்பதான் தாங்கும்."

ஆறு அங்குலம் என்றால் அறுபது பேக்கும் முடியும். நான் கொப்பியைத் திறந்தேன். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். வகுப்பு வரை போன முதல் ஆள் நான். கணிதப் பிரிவு. மெசினின் பக்கத்தில் ஆணியடித்திருந்த தகட்டில் இங்கிலீசில் அதன் நிறை இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் மட்டும். நிறையை நாலு ரோதைக்கும் பங்கிட்டேன். ஒரு ரோதையின் பாரத்துக்கு நாலு அங்குலம் தாராளம் என்று விடை வந்தது. நாலு அங்குலம் போட்டால் நாற்பது பேக் போதும். இருபது பேக் ராத்தாவுக்கு மிஞ்சும்.

மேசன் கொப்பியை எட்டிப் பார்த்தார். "கணக்கு சரியா இருக்கும் தம்பி. ஆனா இது பாரத்தத் தூக்கினா முன்னுக்குக் குத்தும். முன் ரெண்டு ரோதைதான் எல்லாத்தையும் சுமக்கும்."

"பின்னுக்கு அதுக்கெண்டே இரும்புக் கட்டி வெச்சிரிக்கு. அது சமப்படுத்தும்."

வாப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் என் காது சுடுகிறது. "இவன் படிச்சவன். இவன்ட கணக்குப்படி போடுங்க."

"எனக்கென்ன," என்றார் மேசன். "நாளைக்கு உடைஞ்சா மேசன்ட பிழை எண்டு கதைக்கப்படாது. தம்பி, அந்தக் கொப்பியில எழுதிக் கையெழுத்து வையும்."

எல்லோரும் சிரித்தோம். நான் எழுதினேன்: நாலு அங்குலம், நாற்பது பேக். கீழே கையெழுத்து வைத்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவும் ராத்தாவும் வந்தார்கள். ராத்தா அடுக்கு இருந்த இடத்தைப் பார்த்தாள். வாப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"எத்தின மிச்சம்?"

"இருவது. மேசன் அறுவதையும் முடிக்கப் பாத்த. நான்தான் கணக்குப் போட்டு மிச்சம் பிடிச்ச ராத்தா."

அந்த இருபதையும் விரலால் தொட்டு எண்ணினாள். "நீ பாத்தெண்டாச் சரி," என்றாள்.

சாக்கு நனைத்துப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மூன்று கிழமை தளத்தைக் காத்தோம். உழவு மெசினின் பின்னால் இழுக்கும் பெட்டியில் போடியாரின் முதல் டயர்கள் வந்து இறங்கின. காக்கா நண்டில் ஏறினார். முதலில் இரண்டு டயர் அடுக்கு. நண்டு அணைத்தது, தூக்கியது, வழுக்கிக்கொண்டு போய் வைத்தது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அடுத்தது நாலு டயர் அடுக்கு.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ரஸ்க்கைக் கடித்தது போல ஒரு சத்தம். இடது முன் ரோதை தளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. பின் ரோதைகள் இரண்டும் ஒரு சாண் மேலே கிளம்பின. காக்கா குதித்துவிட்டார். நண்டு முன்னுக்குத் தலைகுத்தி, தூக்கும் சட்டம் முறுகி, எண்ணெய்ப் பைப் வெடித்து, தளமெல்லாம் கறுப்பு எண்ணெய். அத்தனைக்கும் அதன் கைகள் அந்த நாலு டயரையும் விடவில்லை.

தாங்குபுள்ளிக்கு வெளியே பாரம் வைத்தால் என்ன நடக்கும் என்று பரீட்சையில் படம் கீறி விடை எழுதியவன் நான். முன் ரோதை இரண்டும்தான் அந்தப் புள்ளி. டயர் அடுக்கு அதற்கு வெளியே. மேசன் தன் வாயால் சொன்னதும் அதுதான்.

போடியார் ஒரு கிழமை தவணை தந்தார். தளத்தைத் திரும்பப் போட வேண்டும், சீமெந்து வேண்டும். பாதை அந்தக் கிழமை பூட்டியிருந்தது. ராத்தா தானே வந்தாள். முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு பேக்கை இரண்டு கையாலும் பிடித்து மணலில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வேணாம் ராத்தா," என்றேன்.

"இத வெச்சி என்ன செய்யிற? பாதி வீட்டுக்குப் பூசவா? எடுங்க."

நண்டை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, உடைந்த இடத்தில் அந்த இருபதும் போனது, இந்த முறை ஆறு அங்குலமாக. ஆனால் வெடித்த பைப் கல்முனையில் எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பில்தான் எடுக்க வேண்டும். காக்கா கராஜ் கராஜாக ஏறி இறங்கினார். வாப்பா தளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து, ஈரம் காய்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் போடியாரின் ஆட்கள் பெட்டியோடு வந்தார்கள். உழவு தொடங்கிவிட்டது, நிற்க ஏலாது என்றார்கள். எல்லா டயரையும் ஏற்றினார்கள். கடைசி நாலும் நண்டின் பிடியில்.

"அந்த நாலையும் தாங்க காக்கா."

வாப்பாவும் காக்காவும் அலவாங்கால் நெம்பினார்கள். கைகள் அசையவில்லை.

"நீங்க தந்தாலும் நண்டு தர மாட்டன் எண்டுது போல. அதுக்கிட்டக் கேட்டுப் பாருங்க," என்றான் வந்தவர்களில் ஒருவன். மற்றவர்கள் பெட்டியில் இருந்தபடியே சிரித்தார்கள். வாப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு புதுத் தளத்தில் உட்கார்ந்ததை நான் கண்டேன். கடைசியில் இரும்பு வெட்டுகிறவரைக் கூட்டிவந்து ஒரு கையை வெட்டித்தான் டயர்களை எடுத்தார்கள்.

பெருநாள் முடிந்து மாப்பிள்ளை வந்தார். மூன்றாம் நாள் அவருடைய உம்மா வீடு பார்க்க வந்தார். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தார். "வீடு வடிவாத்தான் இரிக்கி. எண்ட மகன் மண்ணுலயா கால் வைக்கிற?" அவ்வளவுதான் சொன்னார். போகும்போது, லீவு முடிய நாற்பது நாள் இருப்பதையும், வேறு இரண்டு இடத்தில் பெண் சொல்லியிருப்பதையும் உம்மாவின் காதில் போட்டுவிட்டுப் போனார்.

வாப்பாவிடம் மிச்சம் இருந்தது மூன்று ஏக்கர் வயல். சம்மாந்துறைப் பக்கம், வாய்க்கால் ஓரம், எங்கள் வருடச் சோறு. அவசரத்துக்கு விற்கிறார் என்று ஊருக்கே தெரிந்திருந்தபடியால் நல்ல விலை சொல்ல ஒருவரும் வரவில்லை. வாங்கியவர் அதே போடியார்.

பாதை திறந்த கிழமை, ஏறிய விலைக்குச் சீமெந்து வந்தது. அதே மேசன் வந்தார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருந்து ராத்தாதான் சத்தம் போட்டுக் கேட்டாள்.

"எண்ட தம்பியக் கேட்டயளா, எத்தின அங்குலம் போடுற எண்டு?"

மேசன் குனிந்து கரண்டியைத் துடைத்தார். நான் வளவுக்குப் போய்விட்டேன். அங்கே ஒற்றைக் கையோடு நண்டு நின்றது. பிறகு பழைய இரும்புக்காரர் அதை நிறுத்து எடுத்துக்கொண்டு போனார்.

நிக்காஹ் லீவு முடிய ஒன்பது நாள் இருக்கையில் நடந்தது. அடுத்த மாதம் வாப்பா அக்கரைப்பற்றில் இன்னொருவரின் ரீபில்ட் கடையில் நாட்கூலிக்குச் சேர்ந்தார். டயர் தூக்கி அடுக்கும் வேலை.

அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. நாலு அங்குலம், நாற்பது பேக், கையெழுத்து. அதற்குக் கீழே, வயலை விற்று உறுதிப் பத்திரம் எழுதிய அன்று, நானே எழுதியது: மூன்று ஏக்கர், ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.