சந்தனப் பொட்டு வைத்த மீட்டர்

ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலையாகப் போவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழி சொல்கிறேன், கூடவே என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நான் போனது 1996இல், ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள். அங்கே ஓர் ஈஸ்ட் தொழிற்சாலையில், தொட்டியில் உயிரோடு இருக்கும் ஈஸ்டை அளக்க நான் பொருத்திய மீட்டர் பொய் சொல்கிறது என்று புகார்.

காலை ஐந்தரைக்குச் சென்னையில் பேருந்து ஏறி, பன்னிரண்டுக்குக் கிருஷ்ணகிரியில் இறங்கினேன். அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், எட்டு ரூபாய். பேருந்து நிலையத்திலிருந்து மூக்கண்டப்பள்ளி வழியாக ஆட்டோ, இருபது ரூபாய். ஓட்டுநர் என்னோடு தமிழிலும், எதிரே வந்தவரோடு தெலுங்கிலும், குறுக்கே நின்ற மாட்டோடு கன்னடத்திலும் பேசினார்.

தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே மாதேஷ் நின்றிருந்தார். ஈஸ்ட் வளரும் தொட்டியின் ஆபரேட்டர். மீட்டர் படிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். பூஜையன்று மீட்டரில் சந்தனம் பூசிக் கெடுத்தார், அது காட்டிய எண்ணை நம்பி ஈஸ்டுக்குத் தீனியான மொலாசஸ் பாகைக் குறைத்தார், ஒரு தொட்டி ஈஸ்டைப் பட்டினி போட்டுக் கொன்றார் என்று சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். விசாரணையில் தோற்றால் வேலை போய்விடும்.

“பொட்டி மேலதான் சார் பொட்டு வெச்சேன். கம்பி தொட்டிக்குள்ள இருக்குது, அத எப்பிடித் தொடறது? நம்பர் எறங்குதுன்னு மேனேஜர்கிட்ட ரெண்டு தபா சொன்னேன். பூசணிக்கா ஒடைக்கணும், மொதல்ல வான்னாரு.”

“ஏன் எறங்கிச்சு?”

“மாலை போடணும்னு மோட்டாரெல்லாம் நிறுத்தச் சொன்னாங்க. குளுருதண்ணி பம்பும் நின்னுபோச்சு சார். ஒன்ற மணி நேரம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயுத பூஜைக்கு லேத்துக்கு லீவு விடலாம். தொட்டிக்குள் இருப்பது உயிர். அது தின்று பெருகும்போது சூடு கிளம்பும். குளிர்ந்த நீர் சுற்றாவிட்டால் தன் சூட்டிலேயே வெந்து சாகும். இது தெரியாதவர் எப்படி மேனேஜர் ஆனார்?

“அந்த நேரத்து சாம்பிளை எடை போட்டோம். குறையவே இல்லை. உங்க மீட்டர்தான் தப்பு,” என்றார் மேனேஜர், நான் உள்ளே போய்க் கேட்டதும்.

தொட்டிக்குள் இருந்த மீட்டர் கம்பியைக் கழற்றினேன். சந்தன வாசனைகூட இல்லை. வாளியில் நல்ல ஈஸ்டைக் கரைத்து முக்கினேன்: 42. அதையே கொதிக்க வைத்து, ஆறிய பிறகு முக்கினேன்: 2. “இப்ப எடை போடுங்க,” என்றேன். போட்டார்கள். எடை குறையவில்லை.

விஷயம் இவ்வளவுதான். உயிருள்ள செல்லின் மேல்தோல் முழுதாக இருக்கும். மின்சாரம் கொடுத்தால் கொஞ்சம் தேக்கி வைக்கும். செத்த செல்லின் தோல் ஓட்டை, எதையும் தேக்காது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேனேஜர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “பம்ப் விஷயம் ரிப்போர்ட்ல வேண்டாம். மீட்டர் பழுது, சரி செய்தாச்சுன்னு எழுதிடுங்க,” என்றார். புரியாமல் பேசினால்கூடப் பொறுத்திருப்பேன். இவர் புரிந்துகொண்டு பேசினார்.

மீட்டரில் பழுதில்லை, பம்ப் நின்றதால் ஈஸ்ட் செத்தது என்று கார்பன் வைத்து எழுதினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு நகலைக் கேட்டில் மாதேஷ் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

போகிறவர்களுக்கு: அக்டோபரில் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மாலையில் குளிரும். பூஜை வாரத்தில் பேருந்தில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. ரிப்போர்ட்டின் ஒரு நகலை இயந்திரத்தோடு நிற்கிறவரிடம் கட்டாயம் கொடுங்கள். விசாரணையில் மாதேஷ் அதைத்தான் நீட்டினார்; வேலை திரும்பக் கிடைத்தது.

அடுத்த மாதம் சென்னைக்கு ஒரு பார்சல் வந்தது. மீட்டரைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள், ‘தேவையில்லை’ என்று ஒரு வரிக் கடிதத்தோடு. பெட்டி மேல் மாதேஷ் வைத்த பொட்டு அப்படியே காய்ந்திருந்தது.