பேரில்லாத குக்ரியோடு ராமேஸ்வரத்துக்கு

காலை ஆறேகால் மணிக்கு முதுகுளத்தூரில் பஸ் ஏறினோம். என் மடியில் மஞ்சள் பை. அதற்குள் துண்டில் சுற்றிய நேபாளக் கத்தி, குக்ரி. போலீஸ் பார்த்தால் என்ன சொல்வது என்று ராமநாதபுரம் வருவதற்குள் என் வீட்டுக்காரர் நாலு தடவை கேட்டுவிட்டார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்தான். பயத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அந்தக் கத்தி இல்லையென்றால் இவர் இல்லை. பனிமலையில் லாரி உருண்டபோது தார்ப்பாய்க் கயிற்றை அந்தக் கத்தியால் அறுத்து இவரை வெளியே இழுத்தவர் தேவ் பகதூர் என்ற நேபாளச் சிப்பாய். ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது கத்தியையும் பையில் வைத்து, "எங்கள் ஊர்க் கொல்லர் அடித்தது. வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது" என்றாராம். அவர் எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டு ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துபோனது. படைப்பிரிவுக்குப் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. முப்பது வருஷமாக அந்த ஒரு வரி இவர் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது.

கத்தியில் பெயரோ முத்திரையோ கிடையாது. அடித்த கொல்லர் யாரென்று தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் ஆள் கிடைப்பார். ராமேஸ்வரம் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கும் பிரேம், நேபாளத்துக் கொல்லர் வீட்டுப் பிள்ளை என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினோம்.

ஒன்பது மணிக்குப் பாம்பன் பாலம். பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து கடலைப் பார்த்தது, இவரைத் தவிர. ராமேஸ்வரத்தில் இறங்கி, பதினைந்து ரூபாய்க்கு ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, நூறு ரூபாய் ஆட்டோவில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பிரேம் இருபது வருஷமாக இந்தத் தீவில் இருப்பவர். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கையைத் துடைத்துக்கொண்டு கத்தியை வாங்கியவர் முகம் சுருங்கியது.

"என்னண்ணே, கண்ணாடி மாதிரி இருக்கு?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்குக் கமுதியில சாணை பிடிப்பேன். சாமி மாதிரில்ல வச்சிருக்கேன்!" என்றார் இவர் பெருமையாக.

"பிடி?"

"விரிசல் விட்டுச்சு. கருவேல மரத்துல புதுசு போட்டேன்."

"கொல்லரோட கையே தெரியாமத் தேய்ச்சுட்டீங்களே அண்ணே. எங்க பக்கம் ஊருக்கு ஒரு கொல்லர்தான், பேர் எதுக்கு? உளி வச்ச விதம், பிடி செதுக்குன விதம், அதுதான் பேரு. இதுல ரெண்டும் இல்ல."

இவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரேமே கேட்டார்: "குக்ரி உறையில எப்பவும் கூடவே ஒரு சின்னக் கத்தி வைப்பாங்க, இதுலயும் இருந்திருக்குமே?"

நான் துள்ளிவிட்டேன். இருக்கிறதே, எங்கள் அடுப்படியில்! உடனே மருமகளுக்குப் போன் போட்டேன். படம் வந்தது. பாதி நறுக்கிய முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் கறுத்த கத்தி, அதே பழைய கொம்புப் பிடி. பிடியின் அடியில் சாய்வாக மூன்று கோடுகள். பிரேம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எங்க நாட்டுல போஜ்பூர்ப் பக்கம் மாதிரி இருக்கு. எங்க மாமா அங்கன கொல்லர்" என்று படத்தை அனுப்பிவைத்தார். எங்களுக்குச் சோறும் போட்டார்.

மாலை நாலு மணிக்கு மாமாவிடமிருந்து பதில். அந்தச் சாய்வுக் கோடு ஒரே ஒரு கொல்லருடையது, அவர் காலமாகிவிட்டார், ஊர் இரண்டு மலை தள்ளி. பிரேம் விடவில்லை. அந்த ஊர்க் கடைக்காரர் நம்பரை மாமாவிடம் வாங்கி, பட்டாளத்துத் தேவ் பகதூரைக் கூட்டிவரச் சொல்லி, அவர் வந்ததும் போனை இவர் கையில் கொடுத்தார்.

இவர் எழுந்து விறைப்பாக நின்றார். பிறகு இந்தியில் சொன்னார்: "தேவ், நான் முனியசாமி. வீடு வந்து சேர்ந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கிழட்டுச் சிரிப்பு. "இவ்வளவு நேரமா?"

இரண்டு பேரும் அழுதார்கள். மூன்றாவதாக நான்.

பிரேமுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். "போய்ச் சேர்ந்ததும் போன் போடுங்கக்கா" என்றார், அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் இவர், "சின்னக் கத்தியையும் இனிமே சாமி ரூமுல வைப்போம்" என்றார்.

"அது அடுப்படியிலயே கிடக்கட்டும். அங்கன வச்சா அதையும் தேய்ச்சுப்புடுவீங்க."

எட்டு மணிக்கு வீடு. இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே முதலில் ராமேஸ்வரத்துக்கும் அடுத்து நேபாளத்துக்கும் போன் போட்டார்: வந்து சேர்ந்துட்டோம்.