கண்மாய் மீன் குழம்பு

கோடையில் ஒருநாள் எங்கள் கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அதற்கு முன் யாரும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் வலையும் கூடையும் இறங்கும். பிடித்ததை விற்கவும் கூடாது. அன்றைக்கு வசதி இல்லாதவர் வீட்டிலும் குழம்பு கொதிக்கும்.

போன வருடம் வைகாசிக் கடைசிக்கு நாள் குறித்தார்கள். ஊர் மேல் பழி போடுவானேன், குறிக்க வைத்தவள் நான். சிங்கப்பூரிலிருந்து என் கொழுந்தன் பிள்ளைகளோடு வருவதாக இருந்தான். ஊர்க் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் பேச்சு எடுபடும். வீட்டில் என் பேச்சு எடுபடும்.

மழையின் போக்கு மாறியது எங்களுக்குத் தெரியாததா? ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விட்டுவிட்டுப் பெய்த மழை இப்போது இரண்டே நாளில் கொட்டி, கண்மாய் நிரம்பி, மிச்சமெல்லாம் வழிந்தோடிவிடுகிறது. தண்ணீரைக் குளிர வைத்த சித்திரை மழையைக் காணோம். மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாள் குறிக்கும்போது மட்டும் அதை யாரும் நினைப்பதில்லை.

சித்திரை முடியும்போது கண்மாய் மடையைப் பார்த்துக்கொள்பவர் வாசலில் வந்து நின்றார்.

"தண்ணி சுடுது தாயி. மீனெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு மேல வருது. நாளைக்கே துண்ட வீசச் சொல்லுங்க."

"கொஞ்ச நாள் பொறுக்க மாட்டீகளா? சிங்கப்பூர்லருந்து புள்ளைக வாராக, பாக்க வேணாமா?"

"நான் பொறுப்பேன். மீனு பொறுக்குமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளே போய்விட்டேன்.

ஆறாம் நாள் காலையில் கண்மாய் முழுக்க வெள்ளை வயிறுகள். கெண்டை, கெளுத்தி, சேற்றுக்குள் ஒளியும் விரால்கூடத் தப்பவில்லை. மதியத்துக்குள் ஊதி வெடித்து, ஈ மொய்த்துக் கிடந்தன. சோற்றில் கை வைத்தால் அந்த நாற்றம், தலையணையில் அந்த நாற்றம். மாடுகள் அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பின. கொசுப்புழுவைத் தின்ன மீன் இல்லாமல் ஊரெல்லாம் கொசு. அடுத்த மழைக்குக் குஞ்சு பொரிக்க ஒரு தாய்மீன்கூட மிஞ்சவில்லை. பொக்லைன் இயந்திரம் வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். எல்லோரும் வெயிலைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

கொழுந்தன் வந்தபோது நாற்றம் அடங்கியிருந்தது. வெயிலுக்குப் பயந்து முந்தியே பிடித்துவிட்டோம், உன் பங்கு ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று கூசாமல் சொன்னேன். காரைக்குடி மார்க்கெட்டில் வாங்கிய ஐஸ் மீன் அது. செவுள் வெளுத்துப் போயிருந்தது. புளியைக் கூட்டிச் சமாளித்தேன்.

அவன் விரலைச் சூப்பினான். "என்னதான் சொல்லுங்க மதினி, நம்ம கம்மா மீனு ருசி அங்குட்டு எங்க கெடைக்கும்? அடுத்த வருசமும் நாங்க வர்ற நேரமாப் பாத்து நாள் வைக்கச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.