கரையைத் தொடாதே என்ற தங்கை

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயர் செக்கர். ஒழுங்காக டிக்கெட் வாங்கியவன்கூட அவரைக் கண்டால் ஒரு தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். அப்படி ஒரு பார்வை. வேலையை விட்ட பிறகும் பார்வையை விடவில்லை மனுஷர். பால் ஊற்றுகிறவன் சிரித்தால் தண்ணீர் கலந்துவிட்டான், சிரிக்காவிட்டால் நிறையவே கலந்துவிட்டான். யாராவது நல்லது சொன்னால் போதும், எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று அந்த எலிக்குப் பின்னாலேயே போய்விடுவார்.

அப்பா விட்டுப்போன நிலத்தில் மேட்டுப் பாதி, மீன் வளர்க்கும் குளத்தோடு, இவருக்கு வந்தது. பள்ளத்துப் பாதி தங்கைக்கு. புருஷன் போன பிறகு அவள் அங்கே ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்து, துணி தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். குளத்துத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தியிருந்தது நடுவிலிருந்த மண்கரை ஒன்றுதான். அதன் காலடியில் அவளுடைய அடுப்படிச் சுவர். ஜன்னலைத் திறந்தால் புல் முளைத்த கரைதான் தெரியும், வானம் தெரியாது.

அந்த வருஷ மழைக்குப் பிறகு கரையின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. முதலில் வெறும் ஈரம். பிறகு ஒரு விரல் கனத்துக்கு ஓட்டம்.

மண் அள்ளும் மெஷின்காரன் வந்து பார்த்தான். "சார், அடுத்த மழைக்குள்ள குளத்தை வடிச்சு, கரையைப் பிளந்து, களிமண் வச்சு இறுக்கிக் கட்டிடணும். விட்டா ஆபத்து."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை செக்கருக்குத் தெரியாததா? மெஷினுக்கு வேலை இல்லாமல் இவன் ஊர்க் கரையிலெல்லாம் ஓட்டை தேடி அலைகிறான் என்று முடிவு கட்டி, "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டார். "எனக்கென்னங்க தெரியும், உங்க இஷ்டம்" என்றாள் அவள், காய் நறுக்கிக்கொண்டே. எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கிறவள் இதில் மட்டும் ஏன் நழுவுகிறாள்? அதுவும் உறுத்தியது.

தங்கையிடம் போனார். தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எதுக்குண்ணா வீண் செலவு? கரையைத் தொடாதே. கசியற தண்ணி என் தக்காளிச் செடிக்காவது ஆகுது."

செக்கருக்குப் பொறி தட்டியது. அப்படியா சங்கதி! தக்காளிக்காக இவளே கம்பி விட்டுக் கரையைக் குத்தியிருக்கிறாள்!

மறுநாளிலிருந்து குளத்து மோட்டார் அறையில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாகத் தங்கையின் கொல்லையைக் காவல் காத்தார். கம்பியும் வரவில்லை, கடப்பாரையும் வரவில்லை. காலையில் அவள் ஒரு கண்ணாடி பாட்டிலோடு வருவாள். கசிகிற தண்ணீரை அதில் பிடிப்பாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே கொண்டுபோய்விடுவாள். ஓகோ, என்மேல் கேஸ் போட ஆதாரம் சேர்க்கிறாள் என்று கொஞ்ச நாள் நினைத்தார். ஆனால் வக்கீலும் வரவில்லை, நோட்டீஸும் வரவில்லை. செடிக்கு ஊற்றுவாள், தைக்கப் போவாள், அவ்வளவுதான்.

மோட்டார் அறைப் புழுக்கத்தில் மனுஷருக்கு வெட்கமாகப் போயிற்று. கூடப்பிறந்தவள். நாலு செடிக்குத் தண்ணீர் கேட்கிறாள். அவளைப் போய்த் திருடியைப் பார்ப்பதுபோல இடுக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறோமே! இந்த ஒரு தடவையாவது ஒருத்தி சொன்னதைச் சொன்னபடி நம்பிவிடுவோம் என்று எழுந்து, நேரே அவள் வீட்டுக்கு நடந்தார்.

"இந்தா பாரும்மா, நீ சொன்னதுதான் சரி. உன்னை நான் நம்பறேன். கரையைத் தொடப் போறதில்ல. மெஷின்காரனையும் வர வேண்டாம்னு சொல்லிடறேன். தண்ணி உனக்கே."

சந்தோஷப்படுவாள் என்று நின்றார். அவள் முகம் வெளுத்தது. கையிலிருந்த துணி நழுவியது.

"நிஜமாவா சொல்ற?"

"சத்தியமா."

"ஐயோ, அண்ணா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்து, அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். ஜன்னலோரம் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஆரம்பத்தில் பிடித்தவை தெளிந்து கிடந்தன. போகப் போக அடியில் மண் தங்கியிருந்தது. அன்று காலை பிடித்ததில் நாலு விரல் உயரத்துக்குச் சேறு.

"தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயமில்லண்ணா. மண்ணும் சேர்ந்து வந்தா, கரையை உள்ளுக்குள்ளயே தண்ணி அரிக்குதுன்னு அர்த்தம். அப்பா சொல்வாரே, மறந்துட்டியா?"

செக்கர் திரும்பிப் பார்த்தார். அவள் படுக்கை வாசற்கதவை ஒட்டி விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு துணி மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"அப்புறம் ஏன்டி வேணாம்னு சொன்ன?"

"கட்டுன்னு சொல்லியிருந்தா கட்டியிருப்பியா? இவ எதுக்கு இப்படிப் பறக்கறான்னு ஒரு மாசம் ஆராய்ச்சி பண்ணியிருப்ப. அண்ணிதான் சொன்னாங்க, 'வேணாம்னு சொல்லு, மறுநாளே மெஷினோட வந்து நிப்பாரு'ன்னு. இத்தனை வருஷமும் அவங்க அப்படித்தானே உன்கிட்ட குடும்பம் நடத்தறாங்க. நாங்க எல்லாருமே அப்படித்தான். நீ போயும் போயும் இன்னிக்கா நம்பணும்?"

செக்கர் அங்கேயே நின்று மெஷின்காரனுக்கு போன் போட்டார். தங்கையை மூட்டையோடு தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். குளத்தை வடித்துக் கரையைப் பிளந்தபோது உள்ளே ஒரு ஆள் தோள்வரை கையை விடக்கூடிய பொந்து இருந்தது. "இன்னொரு மழை தாங்கியிருக்காது சார்" என்றான் மெஷின்காரன். தங்கை அழுதாள். களிமண் வைத்து இறுக்கிப் புதுக் கரை கட்டி முடிக்கும்வரை செக்கர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

தங்கை தன் வீட்டுக்குத் திரும்பிப் போன அன்று மாலை, சாப்பாடு போட்ட மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பழைய அடுப்பே போதுங்க' என்பாள், இவர் அடம்பிடித்துப் புதுசு வாங்கி வருவார். 'அம்மா வீட்டுக்குப் போக எனக்கு இஷ்டமே இல்ல' என்பாள், இவர் ஏதோ இருக்கிறது என்று வலுக்கட்டாயமாக ரயிலேற்றி அனுப்புவார். அதெல்லாம் போகட்டும். வேலையை விட்டு வந்த நாளில், இனி நாள் முழுக்க வீட்டிலேயே கிடக்கப் போகிறேனே, உனக்குத் தொந்தரவில்லையா என்று கூச்சத்தோடு கேட்டிருந்தார். 'நீங்க பக்கத்துல இருந்தாத்தாங்க எனக்கு நிம்மதி' என்றாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் உரசிப் பார்க்காமல் பத்திரமாக வைத்திருந்தார்.

"அன்னிக்கு, நான் வீட்டுல இருந்தா நிம்மதின்னு சொன்னியே," என்றார். "அது நிஜமா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நிஜம்தாங்க."

"நான் நம்பணும்னு சொல்றியா, நம்பமாட்டேன்னு தெரிஞ்சு சொல்றியா?"

"இதுக்கு நான் என்ன பதில் சொன்னாலும் நீங்க இதையேதானே கேப்பீங்க? சாப்பிடுங்க, ஆறுது."

அவள் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அவருக்கு அழுகை வந்தது. இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவையும் நிஜம் என்றுதான் சொல்வாள், அதனால் கேட்காமல் சாப்பிட்டார்.