பொன்னம்மாள் கேட்ட சூரியன்

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாடு என்ற ஊர்க்கூட்டத்துக்குக் கேபிள் டிவி வந்தது 1998இல். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக் கேபிள்காரர் தனசேகரன், பெரிய டிஷ் ஒன்றை லாரியில் ஏற்றிவந்து பொன்னம்மாளின் மிளகுத் தோட்டத்து மேட்டில் நட்டார். அதைத் துடைப்பதும், மறைக்கும் கிளைகளைக் கழிப்பதும் அவள் வேலை. புருசன் போனபின் மிளகையும் மரவள்ளியையும் மட்டுமே நம்பியிருந்தவளுக்கு அதுதான் முதல் மாதச் சம்பளம்.

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஊருக்கு வெளியே குடிசையில் இருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. பெண்ணின் உடம்பையே குற்றமாக்கிய அந்த ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஆனால் டிஷ்ஷில் படியும் தூசி அவள் நாள் பார்த்தா படியும்? அந்த நாட்களிலும் யாருக்கும் தெரியாமல் போய்த் துடைத்துவிட்டு வருவாள்.

அடுத்த பங்குனி பிறந்ததும் ஒரு முற்பகலில், ஓடிக்கொண்டிருந்த படம் ஊர் முழுக்க வெளுத்துப் போய் இரைந்தது. அன்று அவள் குடிசையிலிருந்து மேட்டுக்குப் போனதை யாரோ பார்த்துவிட்டார்கள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் அப்பாசாமி எட்ட நின்று கேட்டார்.

“ஏம்மா பொன்னு, தொட்டயா?”

“தொட்டேனுங்க மாமா.”

டிஷ்ஷின்மேல் கோமியம் தெளித்தார்கள். தெளித்து முடிப்பதற்குள் படம் வந்துவிட்டது.

“மிசினுக்கே தெரியுது, இவளுக்குத் தெரியல. தனசேகரங்கிட்டச் சொல்லி வேற ஆளு பாத்துக்கறோம்” என்றார் அப்பாசாமி.

தன்னால்தான் கெட்டது என்று பொன்னம்மாளே நம்பினாள்.

மறுநாள் அதே வேளையில் படம் மறுபடியும் போனது. அவளோ குடிசையை விட்டு நகரவில்லை. அவளைப் போலவே விலக்காகிக் கூட இருந்த ராமாயியே சாட்சி.

அதற்கு அடுத்த நாள் தனசேகரன் பஸ்ஸில் வந்து இறங்கினார். “அவங்க வராம நான் டிஷ்ஷத் தொட மாட்டனுங்க” என்று சொல்லிவிட்டார். பொன்னம்மாள் வந்தாள், ராமாயியும் வந்தாள். ஊர் விலகி நின்றது. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கருவியின் நிழல், கிண்ணத்தின் நட்ட நடுவில் விழுந்திருந்தது. பக்கத்துச் சாளை வீட்டில் இருந்த டிவி இரையத் தொடங்கியது.

“டிஷ் இப்பச் சூரியனை நேராப் பாக்குதுங்க” என்றார் தனசேகரன். “படம் அனுப்பற செயற்கைக்கோளுக்குப் பின்னால சூரியன் வந்து நிக்கிது. அது வெளிச்சம் மட்டுமில்லீங்க, ரேடியோ அலையும் வீசுது. தப்பட்டை அடிக்கிறவன் பக்கத்துல நின்னு ரகசியம் பேசுனாக் காதுல விழுமா? வருசத்துல ரெண்டு தடவ, கொஞ்ச நாளைக்கு இப்படித்தானுங்க. நிமிசத்துல நகந்துரும்.”

“அப்பச் சூரியனுக்கும் கோமியம் தெளிச்சரலாமுங்களா, மாமா?” என்றாள் ராமாயி.

பொன்னம்மாள் டிவியின் அருகே காதை வைத்தாள்.

“இந்தச் சத்தம் சூரியனுங்களா?”

“அதேதானுங்க. அங்கிருந்து கெளம்பி எட்டு நிமிசம் ஆச்சு.”

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தனசேகரன் சொல்லிக்கொண்டே போனார். ஊட்டியில் ஒரு மலைச்சரிவு நீளத்துக்கும் பரந்து கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி, கண்ணுக்கே தெரியாத விண்மீன் கூட்டங்களைக் கேட்கிறது. வெளிநாட்டில் ஒரு வயல் அகலக் கிண்ணங்கள், சனியை நோக்கிப் போகும் விண்கலத்தோடு பேசுகின்றன. கொசுவின் ரீங்காரத்தைவிட மெலிந்து வரும் அதன் குரலைப் பொறுக்கி எடுக்கின்றன. நாம் சனிக்குப் பயந்து எள் விளக்கு ஏற்றிய அதே ஆண்டுகளில், அதை நலம் விசாரிக்க ஆளில்லாத கலத்தை அனுப்பியிருந்தார்கள்.

“நடுவுல சூரியன் வந்தா?” என்று கேட்டாள் பொன்னம்மாள்.

“அவங்களுக்கும் சரியாக் கேக்காதுங்க. வெலகற வரைக்கும் காத்திருப்பாங்க.”

அவ்வளவு பெரிய கிண்ணங்களும் தன் டிஷ்ஷும் ஒரே சூரியன் முன்னால் செவிடாகின்றன. பொன்னம்மாள் வெகுநேரம் அண்ணாந்து நின்றாள். படம் திரும்பி வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

வேலை அவளிடமே நின்றது. அடுத்த மாதம் விலக்கு நாளில், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கக் குடிசையிலிருந்து நடந்துபோய் டிஷ்ஷைத் துடைத்தாள். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாசாமி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படம் பளிச்சென்று ஓடியது.