பழம் என் பங்கு

ஜெர்மன் என்றாலே எனக்கு இன்னும் குமட்டுகிறது. மொழி பாவம், அது என்ன செய்தது! குமட்டல் எல்லாம் அந்த அக்காவை நினைத்துத்தான்.

பம்மலில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஜெர்மனியில் வேலை தயாராக இருந்தது. ஜெர்மன் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் விசா. தாம்பரம் பயிற்சி வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி அந்த அக்கா. அவளும் நர்ஸ்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தேர்வில் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, ஏதாவது ஒரு திட்டம் போடச் சொல்வார்கள். தலையாட்டினால் போதாது, மறுத்தும் பேச வேண்டும். எங்களை ஜோடி சேர்த்திருந்தார்கள்.

"நோயாளியப் பாக்கப் போற தலைப்பு வந்தா நான் பூ, நீ பழம். நான் வேணாம்பேன், நீ விடாம பேசு. சரியா கண்ணு?" என்று தேர்வன்று வராந்தாவில் மறுபடி ஞாபகப்படுத்தினாள்.

"சரிக்கா."

பழத்துக்கான வாக்கியங்களை ஒரு வாரமாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். அவளுக்கும் படித்துக் காட்டியிருந்தேன், மடச்சி.

அதே தலைப்பு வந்தது. உட்கார்ந்ததும் அக்கா ஆரம்பித்தாள்: "பழம் வாங்கிக்கொண்டு போகலாம்." அடுத்த வாக்கியமும் என்னுடையது, அதற்கடுத்ததும். பூவையாவது விட்டாளா? வார்டுக்குள் பூ கூடாது என்று அதையும் தானே மறுத்து முடித்தாள். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அது இதுதான்.

தேர்வு நடத்திய அம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று ஜெர்மனில் கேட்டார்.

அடிப்பாவி, அது என்னுதுடி என்று தோன்றியது. ஆனால் வயதில் மூத்தவளை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசித் தமிழிலேயே எனக்குப் பழக்கமில்லை. வாயில் கொழுக்கட்டை.

"ஆமாம், நல்ல யோசனை" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார்கள். அவள் பாஸ். நான் பெயில்.

தாம்பரம் திரும்பும் ரயிலில் வேறு பெட்டிக்குப் போகலாம் என்று பார்த்தால், தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பதட்டத்துல வாயில வந்துடுச்சு. மனசுல வெச்சுக்காத கண்ணு. அடுத்த தடவ நீ ஈசியா பாஸ் பண்ணிடுவ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கொய்யாப்பழம் வாங்கி, மிளகாய்ப்பொடி தூவி, பாதியை என் கையில் திணித்தாள்.

"சாப்புடு. நல்லாயிருக்குல்ல?"

"ஆமாக்கா, நல்லாயிருக்கு" என்றேன். ச்சீ! அதைத் தின்றும் தொலைத்தேன்.