அப்பாவின் இரண்டு குதிரைகள்

எங்கள் அப்பா யாரையும் நம்பமாட்டார். பால்காரர் பாலில் தண்ணீர் கலப்பதாக ஊரே சந்தேகப்படும். அந்தத் தண்ணீரிலும் ஏதோ கலக்கிறார் என்று சந்தேகப்பட்டவர் அப்பா. காந்தி மார்க்கெட்டில் ஒவ்வொரு கத்தரிக்காயையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "சார், எக்ஸ்ரே எடுத்துத் தரட்டுங்களா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டே விட்டார்.

இப்பேர்ப்பட்டவருக்கு மைத்துனராக வாய்த்தவர் என் மாமா. ஞாயிற்றுக்கிழமைதோறும் உறையூரிலிருந்து சைக்கிள் மிதித்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிடுவார். வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வார். அப்பாவுக்கு அதிலும் சந்தேகம். ஆனாலும் இருவரும் காபியைக் குடித்துவிட்டு செஸ் ஆட உட்கார்ந்துவிடுவார்கள்.

அது ரயிலில் ஆடுவதற்கென்று விற்கும் செஸ். தகரப் பலகை, ஒவ்வொரு காயின் அடியிலும் சட்டைப் பித்தானைவிடச் சின்னதாக ஒரு காந்தம். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் காய் நகராது. எங்கள் குடும்பத்தின் மிக நெடிய ரயில் பயணமே பக்கத்து லால்குடியோடு முடிந்துவிட்டது என்றாலும் அந்தக் காந்தத்தின் பயனை முழுதாக அனுபவித்தவர் அப்பா. ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடிக்கப் போனால் பலகையைக் கையோடு தூக்கிக்கொண்டு போவார். மாமாவுடன் அதைத் தனியே விட்டதே இல்லை.

சம்பவம் நடந்த ஞாயிறன்று அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மாமா செஸ் பெட்டியைத் திறந்து, அப்பாவின் வெள்ளைக் குதிரைகள் இரண்டையும் எடுத்து, நகத்தால் அடிக்காந்தங்களை நெம்பி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை வெச்சுக்க மாப்ள. நமக்குள்ள ரகசியம். உயிரே போனாலும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?"

எனக்கு ஐந்து வயது. அதுவரை என்னை நம்பி யாரும் ஒரு முறுக்கைக்கூடக் கொடுத்துவைத்ததில்லை. தலையாட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. மாமாவின் முழங்கால் அவ்வப்போது பலகையில் இடிக்கும். மற்ற காய்கள் அசையாது. அப்பாவின் குதிரை மட்டும் நழுவி, வெட்டுவதற்கு வசதியான கட்டத்தில் போய் நிற்கும். ஒரு குதிரை இப்படி வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் போனது. இரண்டாவது குதிரை நழுவியபோது அப்பா அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"காந்தம் எங்க மச்சான்?"

"தேஞ்சு போயிருக்கும் அத்தான்."

அப்பா எழுந்தார். மாமாவின் சட்டைப் பையைத் துழாவினார். பாயை உதறினார். அடுத்து நான்தான் என்று தெரிந்தது. யாரும் தேடாத இடமாக எனக்குப் பட்டது ஒன்றே ஒன்று. பாய் உதறப்பட்டபோது ஒரு காந்தத்தை விழுங்கினேன். என் டிராயர் பையை அப்பா வெளியே இழுத்துப் பார்த்தபோது இன்னொன்றை.

சமையலறையிலிருந்து வந்த அம்மாவின் கண்ணில் என் தொண்டை ஏறி இறங்கியது பட்டுவிட்டது. "என்னடா முழுங்கின?"

"காந்தம்."

"பாத்தியா, சாட்சியத்தையே உள்ள தள்ளிட்டாங்க!" என்றார் அப்பா.

"உங்க குதிரைல இடி விழ! புள்ள வயித்தைப் பாருங்க முதல்ல."

கீழ்வீட்டு அக்கா, வாழைப்பழம் கொடுத்தால் காலையில் வந்துவிடும் என்றார். "காசுன்னா சரிதான், இது காந்தமாச்சே" என்று அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நால்வரும் டவுன் பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கும் குழந்தை டாக்டரம்மா ஒருவர் அங்கே இருந்தார். பஸ்ஸில் என் வயிறு கம்பியோடு ஒட்டிக்கொள்ளுமோ என்று நான் சந்தேகப்பட்டேன். அப்பா கண்டக்டரைச் சந்தேகப்பட்டார்.

"எத்தனை முழுங்கினான்?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுதாங்க. என் குதிரைலேர்ந்து போனது" என்றார் அப்பா. பெட்டிக்குள் கிடந்த முதல் குதிரையைக் கவிழ்த்துப் பார்க்க அவருக்கே தோன்றவில்லை. டாக்டரம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். படத்தில் ஒரே ஒரு வட்டம் தெரிந்தது. அப்பாவுக்கு உயிர் வந்தது. டாக்டரம்மாவோ அதை வெளிச்சத்தில் பிடித்து, கத்தரிக்காயை அப்பா பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பக்கவாட்டுல இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க."

"எக்ஸ்ரே எடுக்கறவன் இந்தம்மாவுக்குச் சொந்தமா இருப்பான்" என்று அப்பா அம்மாவிடம் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "ரெண்டு ஒட்டிக்கிட்டு நின்னா நேர்ல ஒண்ணு மாதிரிதாங்க தெரியும். ஒண்ணுன்னா தானா வெளிய வந்துடும். ரெண்டுன்னா, ஆளுக்கொரு மடிப்புல இருந்துகிட்டு நடுவுல குடலைக் கவ்விக்கும். கவ்வின எடம் அழுகி ஓட்டை விழுந்துடும்." பிறகு என் பக்கம் குனிந்தார். "தம்பி, ஒண்ணா, ரெண்டா?"

நான் மாமாவைப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்தார். உயிரே போனாலும் என்று சொன்னது அவர்தான்.

"ஒண்ணு" என்றேன், பெருமையாக.

"ரெண்டு டாக்டர்." மாமாவின் குரல் கீச்சென்று வந்தது. "அத்தானோட குதிரை ரெண்டுலயும் நான்தான் புடுங்கினேன். நான்தான் இவன் கையில குடுத்தேன்."

அப்பா பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுவந்ததில் முதல்முறையாக ஒன்று நிரூபணமாகியிருந்தது. அங்கேயே குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாமாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க டாக்டர்" என்றார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பக்கவாட்டுப் படத்தில் வட்டம் இரண்டு கோடாகப் பிரிந்து தெரிந்தது. இரண்டும் இன்னும் இரைப்பையில்தான் இருந்தன. குடலுக்குள் இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும், பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆட்டோவில் வழிநெடுக அழுதேன். வலி எதுவும் இல்லை. "நான் சொல்லவே இல்ல மாமா, நீதான் சொல்லிட்ட!" என்று மாமாவை அடித்துக்கொண்டே வந்தேன். அவர் தடுக்கவில்லை.

மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். பஞ்சில் சுற்றிக் கொடுத்தபோதும் காந்தங்கள் ஒட்டிக்கொண்டே இருந்தனவாம். ஆபரேஷன் அறை வாசலில் அப்பாவும் மாமாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாக அம்மா சொல்வாள்.

அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை. அப்பாவே உறையூருக்குப் போய், "ஆட ஆளில்ல, வாய்யா" என்று அழைத்துவந்தார். காந்தங்களைப் பசை போட்டுக் குதிரைகளில் அவரே ஒட்டியும் வைத்திருந்தார்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது எழுந்தார். "தண்ணி குடிச்சுட்டு வரேன்." பலகையை எடுக்காமல் போனார்.

பொன்னான சந்தர்ப்பம். நான் மாமாவுக்குக் கண்ணைக் காட்டினேன்; குதிரையைக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று நினைத்தேன். இவ்வளவு மக்கான ஆளோடு இனி ரகசியம் வைத்துக்கொள்வதில்லை என்றும் தீர்மானித்தேன்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க அப்பாவுக்கு ஏன் அத்தனை நேரம் ஆகிறது என்பதுதான் சந்தேகமாக இருந்தது. பானையில் தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.